ஷிஃப்டு பார்த்து எரிந்த விளக்கு

"எங்க அப்பாவுக்குப் பைத்தியமா, இல்ல அந்த விளக்குக்குப் பைத்தியமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள் வந்தவள். சொல்லி முடித்ததும், அந்த வார்த்தையை வேறு யாரோ சொல்லிவிட்டதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை. புடாபெஸ்டின் எட்டாம் வட்டாரத்தில் அந்த மின்சாதனப் பழுது பார்க்கும் கடையின் கண்ணாடியில் காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. இல்கா கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, வந்தவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இல்காவுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் டிராமில் டிக்கெட் கிழித்தவள். கண்டக்டரே வேண்டாம் என்று டிராம் கம்பெனி முடிவு செய்தபின் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. பழுதான இஸ்திரிப்பெட்டிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு நல்ல மர்மம் வந்து சேராதா என்று தினமும் ஏங்குகிறவள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கெலமென் மேஸ்திரி ஒரு ரொட்டி சுடும் பெட்டியின் கம்பிச் சுருளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை. ஆனால் விரல் நின்றுவிட்டது.

"முழுசா சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் பெயர் எமெஷெ. மருந்துக்கடையில் வேலை. அவளுடைய அப்பா ஹல்மோஷ் வெண்டெல், எழுபத்தாறு வயது, அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அம்மா சிதோனியா அக்டோபரில் இறந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் பல்பு தொழிற்சாலையில் பல்புகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரித்தவள். வீட்டின் பின்னறையில் அவளுடைய தையல் மிஷினுக்கு மேலே ஒரு சுவர் விளக்கு. நவம்பர் நடுவிலிருந்து அந்த விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது.

"ஒயர் லூசா இருக்கும்" என்றாள் இல்கா.

"நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா லூஸ் ஒயருக்கு ஷிஃப்டு தெரியுமா? ஒரு வாரம் விடிகாலை அஞ்சு மணிக்கு எரியுது, மத்தியானம் மூணு மணி வாக்குல அணையுது. அடுத்த வாரம் மத்தியானம் ஒரு மணிக்கு எரியுது, ராத்திரி அணையுது. எங்கம்மா காலமெல்லாம் போன ஷிஃப்டு அதுதான்! ஞாயித்துக்கிழமை லீவு வேற. அப்பா அந்த விளக்குகிட்ட 'போய்ட்டு வா'ன்னு சொல்றார். அணையற வரைக்கும் தூங்காம உக்காந்திருக்கார்."

கெலமென் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா வந்து பார்க்கப் போறாங்க. அவங்க ஒரு தாள் எழுதினா, முதியோர் இல்லத்துல இடம் கிடைச்சிடும். அப்பாவை அங்க அனுப்ப எனக்கு மனசே இல்ல. தனியா விடவும் பயமா இருக்கு. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னா அங்க நாலு பேர் ஒரே ரூம்ல படுத்திருக்கோம்." அவள் கையுறையைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "அது ஒயர் கோளாறுன்னு நீங்க நிரூபிச்சா, அப்பாவுக்குக் கோளாறு இல்லைன்னு ஆகிடும் இல்லையா?"

"வீடு யார் பேர்ல இருக்கு?" என்று இல்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கெலமென் அவளைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி அங்கேயே செத்தது.

*

வெண்டெல் பெரியவரிடம் பைத்தியத்தின் அறிகுறி எதையும் இல்காவால் காண முடியவில்லை. சட்டைக்கு மேல் கம்பளி மேல்சட்டை போட்டு, எல்லாப் பொத்தானும் மாட்டி, முகம் மழித்து, மூன்று கோப்பைக் காப்பியோடு அவர்களை வரவேற்றார்.

"என் பொண்ணு பேயோட்டறவங்களைக் கூட்டி வருவான்னு பார்த்தேன். எலக்ட்ரீசியன் வந்திருக்கீங்க. சந்தோஷம். பேயோட்டறவனுக்குக் கேக்கும் குடுக்கணும்."

"நாங்களும் கேக் வேண்டாம்னு சொல்ல மாட்டோம் ஐயா" என்றாள் இல்கா.

பெரியவர் சிரித்தார். ஆனால் பின்னறைக்குள் நுழைந்ததும் அவர் குரல் தானாக இறங்கியது. நீளம் குறைந்த அறை. மூடி போட்ட தையல் மிஷின். அதன் மேலே சுவரில் பால்நிறக் கண்ணாடிக் கவசம் போட்ட சின்ன விளக்கு. கதவோரத்தில் கருப்பு சுவிட்ச். அண்ணாந்து பார்த்த இல்காவுக்கு ஒன்று கண்ணில் பட்டது. கூரையில் சுண்ணாம்பால் செய்த பெரிய பூ ஒன்று, கோடிச் சுவரில் போய் முட்டி, சரியாகப் பாதியில் நின்றிருந்தது.

"பாதிப் பூதான் இருக்கு" என்றாள்.

"நாங்க குடி வந்தப்பவே அப்படித்தான்" என்றார் பெரியவர். "ஐம்பத்தெட்டுல."

கெலமென் சுவிட்சைத் தொடாமல் குனிந்து உற்றுப் பார்த்தார். "இதை நீங்க போட்டு அணைக்கறது உண்டா?"

"முதல்ல போட்டேன். இப்ப தொடறதில்ல. குமிழ் மேல இருந்தா எரியணும், கீழ இருந்தா அணையணும், அதுதானே முறை? ஆனா சில நாள் கீழ இருக்கும்போதே எரிஞ்சுது. சில நாள் மேல இருக்கும்போதே அணைஞ்சு கிடந்தது. அவளுக்குக் குமிழ் எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு விட்டுட்டேன்."

பெரியவர் தையல் மிஷினின் இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு வரி. எரிந்த நேரம், அணைந்த நேரம், நிமிஷம் வரைக்கும். அச்செழுத்துபோல ஒரே அளவில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. முதல் வரி நவம்பர் பதினெட்டு. ஞாயிறுகள் காலி. டிசம்பர் இருபத்து நாலிலிருந்து இருபத்தாறு வரையும் காலி.

கெலமென் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. பெரியவரின் அனுமதியோடு ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்சின் மூடியைத் திறந்தார். இல்கா டார்ச் பிடித்தாள். சுவருக்குள்ளிருந்து துணி சுற்றிய பழைய ஒயர்கள் வந்து திருகாணிகளில் ஏறியிருந்தன. எல்லாம் இறுக்கமாக, துரு இல்லாமல் இருந்தன.

"லூஸ் இல்ல" என்றாள் இல்கா ஏமாற்றத்தோடு.

"எண்ணினியா?"

"என்னத்தை?"

"ஒயரை."

"மூணு இருக்கு. ஒண்ணு உபரியா விட்டிருப்பாங்க மேஸ்திரி. பழைய வீடு."

கெலமென் மூடியைப் போட்டு, ஃபியூஸைத் திருகினார். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பெரியவர் தலையை வாரிக்கொண்டதை இல்கா கவனித்தாள்.

ஒன்று அடித்து ஏழு நிமிஷம். யாரும் அசையவில்லை. சுவிட்சின் பக்கத்தில் யாரும் இல்லை. பால்நிறக் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது.

"போய்ட்டு வா சிதி" என்றார் பெரியவர், வாசலில் நின்று சொல்வதுபோல. "ஸ்கார்ஃப் கட்டிக்கோ, வெளிய குளிரு."

இல்காவுக்கு முழங்கை வரை மயிர் கூச்செறிந்தது. கெலமென் மட்டும் எழுந்துபோய் ஃபியூஸைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. திரும்பப் போட்டார். எரிந்தது.

"கரண்ட் உங்க மீட்டர் வழியாத்தான் வருது ஐயா" என்றார் மெதுவாக. "அது வரைக்கும் தெரிஞ்சுது."

*

தெருவுக்கு வந்ததும் இல்காவால் அடக்க முடியவில்லை.

"பெரியவரோட மருமகன்தான் இதைச் செய்யறான் மேஸ்திரி! நாலு பேர் ஒரே ரூம்ல படுத்திருக்காங்களாம். கிழவரைப் பைத்தியம்னு அனுப்பிட்டா மூணு ரூம் வீடு! சுவருக்குள்ள என்னவோ வெச்சிருக்கான், டைம் பார்த்து எரியற மாதிரி."

"அப்படி ஒரு கடிகாரப் பெட்டி வெச்சா தினமும் ஒரே நிமிஷத்துல எரியும். நோட்டைப் பார்த்தே இல்ல? ஒருநாள் ஒண்ணு மூணு, ஒருநாள் ஒண்ணு பதினொண்ணு. கிளம்பற அவசரத்துல மனுஷங்களுக்குத்தான் அப்படி முன்னப்பின்ன ஆகும்." அவர் கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டார். "அந்தம்மா செத்தது அக்டோபர். நவம்பர் பதினெட்டு வரைக்கும் விளக்கு ஏன் சும்மா இருந்தது?"

"வழி தெரியாம அலைஞ்சிருப்பாங்க, பாவம்."

"கிறிஸ்துமஸுக்கு ஏன் லீவு எடுத்தாங்க? எல்லாரும் வீட்டுக்கு வர்ற நாள்ல அவங்க மட்டும் வரலையே."

கெலமென் டிராம் நிறுத்தத்தை நோக்கிப் போகாமல் முனையில் திரும்பினார். கட்டடத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தெருவுக்கு வந்தார்கள். வேறு தெருப்பெயர், வேறு கதவிலக்கம், வேறு மாடிப்படி. ஆனால் அதே கூரை, அதே புகைபோக்கி.

"பாதிப் பூவைப் பார்த்தது நீதான்" என்றார் கெலமென். "மீதிப் பாதி எங்க இருக்கும்?"

இல்கா அண்ணாந்து இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்தாள். "சுவருக்கு அந்தப் பக்கம்!"

வாசலில் படி பெருக்கிக்கொண்டிருந்த காவல்காரம்மாவுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. ஐம்பதுகளில் பெரிய வீடுகளையெல்லாம் துண்டு துண்டாகப் பிரித்தபோது இரண்டாம் மாடி வீட்டின் பின்கோடியைச் சுவர் வைத்து இந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். பல வருஷம் அது பண்டக அறையாகப் பூட்டிக் கிடந்தது. நவம்பரில்தான் ஒரு பெண் குடிவந்தாள். வெரொன்கா. திசா ஆற்றுப் பக்கத்துக் கிராமத்துக்காரி. "அமைதியான பொண்ணு. பத்து நிமிஷம் முன்னாடிதான் வேலைக்கு ஓடினா. பல்பு ஃபேக்டரி."

இல்கா மேஸ்திரியின் முழங்கையைக் கிள்ளினாள்.

மறுநாள் காலையில் போய்க் கதவைத் தட்டினார்கள். முப்பது வயதுக்குள் இருப்பாள். மாவு படிந்த கையோடு திறந்தாள். ஒரே அறை. கட்டில், அடுப்பு, ஜன்னலில் ஒரு குழந்தையின் படம். கூரையில் மீதிப் பாதிப் பூ. கெலமென் 'ஒயர் பரிசோதனை' என்று சொன்னதும் நம்பி உள்ளே விட்டாள்.

கதவுப் பக்கம் ஒரு சுவிட்ச். அறைக்கோடியில், பிரிவுச் சுவரை ஒட்டி இன்னொன்று.

"அது எதுக்கு?" என்று கெலமென் கேட்டார்.

"அது எதுக்கும் இல்லைங்க. அதுல ஒண்ணும் எரியாது."

"போட்டுப் பார்க்கறது உண்டா?"

வெரொன்காவின் முகம் காதுவரை சிவந்தது. "இல்லையே. நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?"

கெலமென் தலையாட்டினார். சுவிட்சைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்குப் பதினொன்றரை மணிக்குப் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு வர முடியுமா, ஒரு பெரியவருக்கு உதவியாக இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

படியிறங்கும்போது இல்கா பொருமினாள். "பச்சைப் பொய் சொல்றா! அந்தக் குமிழ் எப்படிப் பளபளன்னு தேய்ஞ்சிருக்கு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பொய் சொன்னா. ஆனா பயந்து சொன்ன பொய் இல்ல, வெக்கப்பட்டுச் சொன்னது."

"எதுக்கு வெக்கம்?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார் கெலமென். கடைக் கதவைத் திறக்கும்போது சொன்னார்: "விளக்கை யார் எரிய வெக்கறாங்கன்னு கண்டுபிடிக்கறது சுலபம் இல்கா. அதை அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"சொல்லணுமா என்ன? பொண்டாட்டி தினமும் வந்துட்டுப் போறான்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கார். டாக்டரம்மாகிட்ட மட்டும் காதோட சொல்லிட்டா போதாதா?"

"ஒரு வீட்டு லைன் இன்னொரு வீட்டுக்குள்ள ஓடறது ஆபத்து. தன் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிட்டோம்னு நம்பி அந்தப் பொண்ணு அந்த சுவிட்ச்ல கையை வெச்சா, பெரியவர் வீட்டுக் கரண்ட் தூக்கி அடிக்கும். நான் பார்த்துட்டேன், பிரிக்காம விட முடியாது. பிரிச்சா விளக்கு நின்னுடும். காரணம் தெரியாம நின்னா, அவருக்கு அது ரெண்டாவது சாவு."

அன்று முழுக்க இல்கா ஒரே இஸ்திரிப்பெட்டியை மூன்று முறை கழற்றிப் பூட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை பின்னறையில் நாற்காலி போதவில்லை. எமெஷெ ஜன்னலோரம் நின்றாள். வயதான டாக்டரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெண்டெல் கட்டிலில். வெரொன்கா தயங்கித் தயங்கி வந்து கதவருகிலேயே நின்றுவிட்டாள். தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. யாருமே அவளை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை.

கெலமென் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"ஐயா, நீங்க எழுத்துக் கோத்தவர். ஒரு எழுத்து விழுந்தாலும் வரி தப்பாயிடும். கரண்டும் அப்படித்தான். எல்லாரும் அது ஒயர்ல வந்து பல்புல தீர்ந்துபோயிடும்னு நினைக்கறாங்க. தீராது. மீட்டர்லேர்ந்து கிளம்பி, சுவிட்சைத் தாண்டி, பல்பைத் தாண்டி, இன்னொரு ஒயர் வழியா திரும்பி வந்து சேரும். கிளம்பினது அவ்வளவும் திரும்பிடும். பல்புக்குள்ள இருக்கற மயிரிழைக் கம்பியில நெருக்கிக்கிட்டு நுழையுது பாருங்க, அங்க அது கொண்டுவந்த சக்தியை இறக்கி வெச்சிட்டுப் போகுது. அந்தக் கம்பி பழுக்கறதுதான் வெளிச்சம். ஆனா வட்டம் முழுசா இருக்கணும். எங்கயாவது ஒரு காகித கனம் இடைவெளி விழுந்தாலும் மொத்தமும் நின்னுடும். சுவிட்ச்னா என்ன? நாம வேணும்னு வெச்சுக்கற இடைவெளி."

"சரி" என்றார் வெண்டெல். அவர் கண் கூர்மையாகிவிட்டது.

"சாதாரண சுவிட்சுக்கு ரெண்டு ஒயர் போதும். உங்க சுவிட்ச்ல மூணு இருக்கு. இல்கா அதை உபரின்னா. உபரி இல்ல. மாடிப்படி விளக்குக்கு எப்படிப் போடுவாங்க? கீழ போட்டு ஏறலாம், மேல போய் அணைக்கலாம். ரெண்டு சுவிட்ச், ஒரே விளக்கு. அதுக்குத்தான் மூணாவது ஒயர். அந்த மாதிரி விளக்குல குமிழ் மேல இருந்தா எரியும், கீழ இருந்தா அணையும்னு சட்டமே கிடையாது. இன்னொரு சுவிட்ச் எப்படி இருக்கோ அதைப் பொறுத்தது. கீழ இருந்தும் எரிஞ்சுதுன்னு நீங்க சொன்னப்பவே இன்னொரு கை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த அறை ஒருகாலத்துல நீளமா இருந்தது. கூரைப் பூ பாதியில நிக்குது. ரெண்டாவது சுவிட்ச் மீதிப் பாதியோட அந்தப் பக்கம் போயிட்டது."

எமெஷெ அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"அந்தப் பக்கம் நவம்பர்ல ஒருத்தங்க குடி வந்தாங்க. பல்பு ஃபேக்டரியில வேலை. உங்க வீட்டம்மா பார்த்த அதே ஷிஃப்டு. கிளம்பும்போது ஒரு தட்டு, வந்ததும் ஒரு தட்டு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிட்டாங்க." கெலமென் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல ஐயா. விளக்கு நிஜமாவே எரிஞ்சுது. நீங்க பார்த்தது அத்தனையும் நிஜம். எரிய வெச்சது மட்டும் உயிரோட இருக்கற ஒரு கை."

வெண்டெல் தையல் மிஷினின் மூடியைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால் இரண்டு நாள் முன்பு தலை வாரிக்கொண்ட அந்தக் கை, இப்போது வெறும் கையாக முழங்காலில் கிடந்தது. இல்கா பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் என்ன எரியுது?" என்று பெரியவர் கேட்டார்.

"ஒண்ணும் எரியாது. அந்தப் பக்கத்துக்கு அது செத்த சுவிட்ச்."

"அப்ப எதுக்கு அதைப் போடணும்? ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. மூணு மாசம், நாள் தவறாம?" அவர் நோட்டை எடுத்துத் தட்டினார். "மேஸ்திரி, நீங்க யாருன்னு சொல்லிட்டீங்க. ஏன்னு சொல்லலையே."

"அது எனக்குத் தெரியாது" என்றார் கெலமென். "தெரிஞ்சவங்க கதவுகிட்ட நிக்கறாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வெரொன்கா முந்தின நாள் சிவந்ததுபோலவே சிவந்து, உடனே வெளுத்தாள். விளக்கையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றாள். "தெக்லா. ஆறு வயசு. அவ அப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டார். எனக்கு இங்க ஷிஃப்டு வேலை. மத்தியான ஷிஃப்டு வாரத்துல ராத்திரி வரைக்கும் யார் பார்த்துக்கறது? அதனால ஊர்ல அக்கா வீட்ல விட்டிருக்கேன். குடிவந்த அன்னிக்கு அக்கா அவளைக் கூட்டிக்கிட்டு வந்தா. வீட்டையெல்லாம் சுத்திப் பார்த்துட்டு, இந்த சுவிட்ச் எதுக்கும்மான்னா. போட்டுப் பார்த்தோம், ஒண்ணும் எரியல. போகமாட்டேன்னு ஒரே அழுகை. அதனால..." அவள் நிறுத்தினாள்.

"சொல்லும்மா" என்றார் டாக்டரம்மா.

"அதனால சொன்னேன், இது உனக்காக இருக்கற சுவிட்ச்சுடி, நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை போடுவேன், பத்திரமா வந்ததும் ஒரு தடவை போடுவேன், எங்கயோ ஒரு விளக்கு எரியும், அது உனக்குத் தெரியாட்டியும் எரியும்னு. சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணிட்டேன். அப்புறம் போடாம இருக்க மனசு வரல." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஊருக்குப் போறப்பல்லாம் கேப்பா, போட்டியாம்மான்னு. போட்டேன்பேன். ஒண்ணும் எரியாத சுவிட்சைப் போட்டுட்டுக் குழந்தைகிட்டப் பொய் சொல்றோமேன்னு அழுகையா வரும். யாராவது கேட்டா என்னைப் பைத்தியம்னு நினைப்பாங்கன்னுதான் உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

"பொய் இல்ல" என்றார் வெண்டெல்.

அவர் எழுந்துவிட்டார். நோட்டைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"எரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுது. பாரு. நவம்பர் பதினெட்டு, நீ கிளம்பினது. நீ வந்தது. பத்தொன்பது. இருபது. நீ வேலைக்குப் போன ஒருநாளும் விடல."

வெரொன்கா அந்தப் பக்கங்களைப் புரட்டினாள். தன் ஒவ்வொரு போக்கும் வரவும் நிமிஷம் தவறாமல் யாரோ ஒருவரின் அழகான கையெழுத்தில் இருந்தது.

"ஜனவரி பதினேழு" என்றார் பெரியவர். அவர் குரலில் ஒரு அதட்டல் வந்திருந்தது. "மத்தியானம் ஒண்ணு ஆறுக்குக் கிளம்பினே. ராத்திரி பத்து அம்பதுக்கு வரணும். வரல. ரெண்டு இருபதுக்குத்தான் வந்தே. என்ன ஆச்சு அன்னிக்கு?"

"பனி கொட்டிடுச்சு" என்றாள் வெரொன்கா, அப்பாவிடம் மாட்டிக்கொண்ட பெண்ணைப் போல. "டிராம் நின்னுபோச்சு. நடந்தே வந்தேன்."

"ஆத்துப் பாலத்தைத் தாண்டி வரலையே?"

"இல்ல, இந்தக் கரையோடதான்."

"நான் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தேன்" என்றார் வெண்டெல். "நீ வந்தப்புறம்தான் படுத்தேன்."

வெரொன்கா நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே குழந்தைபோல அழுதாள். எமெஷெதான் முதலில் போய் அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு யாரை யார் தேற்றுகிறார்கள் என்று இல்காவுக்குத் தெரியவில்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடியும் மங்கிவிட்டிருந்தது.

டாக்டரம்மா பையைத் திறக்கவே இல்லை. எழுந்து நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "மூணு மாசம் ஒரு நிமிஷம் பிசகாம எழுதியிருக்கார். என் கிளினிக்ல பதிவேடு எழுதறவனுக்கு இதுல பாதிப் புத்தி இருந்தாப் போதும். எமெஷெ, உங்கப்பாவுக்கு மருந்து வேண்டாம். பேச்சுத்துணை வேணும்."

*

கெலமென் தன் கடமையைச் செய்தார். ஃபியூஸைக் கழற்றி, இரண்டு வீட்டு லைனையும் பிரித்து, வெண்டெலின் சுவிட்சை இரண்டு ஒயர் சுவிட்சாக்கினார். வேலை முடிந்ததும் பெரியவர் ஒருமுறை தானே விளக்கைப் போட்டு, அணைத்து, "இனிமே இது நான் சொன்னாத்தான் கேக்கும்" என்றார். அப்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. எல்லோரும் அதைக் கேட்காததுபோல இருந்தார்கள்.

"மேஸ்திரி, சுவருக்குள்ள மூணு ஒயர் சும்மா கிடக்குது" என்று இல்கா ஞாபகப்படுத்தினாள். "அழைப்புமணிக்குப் போடற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் நம்மகிட்ட இருக்கு. அந்த அளவு கரண்ட் யாரையும் அடிக்காது. அதுக்குச் சட்டம் ஒண்ணும் குறுக்க நிக்காதில்ல?"

கெலமென் கருவிப்பையை மறுபடியும் திறந்தார். "நீ என்னைவிட நல்லா வந்துடுவே" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு டார்ச் பல்பு, அந்தப் பக்கம் ஒரு டார்ச் பல்பு. இரண்டையும் ஒரே வட்டத்தில், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். அப்படிக் கோத்தால் ஒன்று தனியாக எரிய முடியாது. எரிந்தால் இரண்டும், இல்லையென்றால் இரண்டும் இல்லை. இரு பக்கமும் ஒரு சுவிட்ச். வெரொன்கா முதல்முறை அதைத் தட்டியபோது, அவள் பக்கத்துச் சுவரிலும் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

தெக்லாவை அழைத்துவரும் பேச்சை எடுத்தது வெண்டெல்தான். மத்தியான ஷிஃப்டு வாரங்களில் பள்ளி விட்டதும் குழந்தை தன் வீட்டில் இருக்கலாம் என்றார். வெரொன்கா உடனே சரி என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர், எழுபத்தாறு வயது, குழந்தை துறுதுறுப்பானவள். மூன்று வாரம் யோசித்தாள். அந்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பீன்ஸ் சூப்பைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்து, எமெஷெயோடும் வெண்டெலின் மருமகன் திஹமேரோடும் ஒரே மேஜையில் சாப்பிட்டாள். திஹமேர் அங்கே நிலக்கரி வாளியைச் சுமந்துகொண்டு இரண்டு மாடி ஏறி வருவதை ஒருநாள் பார்த்த இல்கா, மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மத்தியானம் கிழக்கு ரயில் நிலையத்தில் நாலு பேர் நின்றார்கள். குழந்தையின் பெட்டியைத் தூக்குவதற்கு என்று இல்காவும் போயிருந்தாள். உண்மையில் பார்க்காமல் இருக்க முடியாமல்தான் போனாள். கெலமென் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே தொங்கிய விளக்குகளை எண்ணுவதுபோல நின்றிருந்தார்.

ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து வெரொன்காவின் அக்காவோடு பின்னல் கலைந்த ஒரு சிறுமி இறங்கினாள். ப்ளம் ஜாம் நிறைந்த பெரிய கண்ணாடி ஜாடியைப் பயணம் முழுக்க யாரிடமும் தராமல் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாளாம். அம்மாவிடம் ஓடி வந்தவள், பக்கத்தில் கோட்டின் எல்லாப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு நின்ற கிழவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது யாரும்மா?"

வெரொன்கா பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வெண்டெல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேராக வந்தார்.

"உங்கம்மா வேலை முடிஞ்சு பத்திரமா வீடு வந்து சேர்ற வரைக்கும் முழிச்சிருக்கறவன்" என்றார்.

தெக்லா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்த வேலையை இதுவரை தான் ஒருத்திதான் செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தவள்போல ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு ஜாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க" என்றாள். "எனக்குக் கை வலிக்குது."